அமலாவின் குட்டியானை

திண்டிவனத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் எனக்குப் பில் போடும் வேலை. கடைக்குள் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான். "சின்னக் கொழந்தைக்கு பர்த்டே. கொஞ்சம் வித்தியாசமா இருக்கணும், வெலையும் கம்மியா இருக்கணும்." அதற்கு முதலாளி சொல்லிக்கொடுத்திருக்கும் பதில், "பேரு போட்டுத் தரட்டுங்களா?" என்பது. சாவிக்கொத்து, தண்ணீர் பாட்டில், பென்சில் டப்பா என்று எதில் கேட்டாலும் குழந்தையின் பெயரை அச்சடித்துத் தருகிற இயந்திரம் ஒன்றைக் கடையின் பின்பக்கம் வாங்கிப் போட்டிருக்கிறார்.

நான் மட்டும் அந்தப் பதிலைச் சொல்வதில்லை. பூதக்கண்ணாடி வாங்கிப் போங்கள் என்பேன். எறும்பைப் பார்த்துக்கொண்டே ஒரு வாரத்தை ஓட்டிவிடும் குழந்தை. கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால், கடையில் எதுவும் வாங்க வேண்டாம், ஒரு கை கேப்பையும் பழைய டப்பாவில் கொஞ்சம் மண்ணும் கொடுங்கள், முளைக்கிறதைப் பார்த்துக் குதிக்கும் என்றும் சொல்லியிருக்கிறேன். முதலாளி காதில் விழுந்தால் பேஜாருதான்.

என் கணவர் இருதயராஜ் இருந்திருந்தால் இதைவிட நல்ல யோசனை சொல்லியிருப்பார். அந்த விஷயத்தில் அவருக்கு மூளை நிற்காது.

எங்கள் மகள் அமலா பிறந்தது மார்ச் மாத நடுவில். கிறிஸ்தவர்களான எங்களுக்கு அது தவக்காலம். ஈஸ்டர் வரும்வரை வீட்டில் கறி கிடையாது, விசேஷம் கிடையாது, புதுத்துணி கிடையாது. எல்லா வீட்டிலும் இவ்வளவு கறாராக இருப்பதில்லை. எங்களுக்குப் பக்கத்து வீட்டில் என் நாத்தனார் சவுரியம்மாள் இருந்தார். அமலாவின் முதல் பிறந்தநாளுக்கு நான் ஒரு சின்னக் கேக் வாங்கி வந்தபோது வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"ஏசு சிலுவையத் தூக்கிக்கினு போற நேரத்துல நீ கத்தியத் தூக்கிக்கினு கேக்கு வெட்டப் போறியா?"

"கொழந்தைக்கு இன்னா தெரியும் அண்ணி?"

"அதுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியுமில்ல?"

கேக் ஈஸ்டர் வரைக்கும் தாங்காது. தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, எதற்கு என்று சொல்லாமலே பிட்டுக் கொடுத்தோம். இருதயராஜுக்குச் சிரிப்பு. "வுடு மலரு. திங்கவும் கூடாது, உடுத்தவும் கூடாது, அவ்ளோதான? அது ரெண்டும் இல்லாத கிஃப்டு ஊர்ல எவ்ளோ கீது" என்றார்.

அவர் ஓட்டியது ஒரு சின்னச் சரக்கு வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றத் தொட்டி. எங்கள் பக்கம் அதைக் குட்டியானை என்பார்கள். வண்டி அவருடையது இல்லை. நிலமும் கிணறும் மூன்று நான்கு வண்டிகளும் வைத்திருந்த வேங்கடேசனுடையது. இருதயராஜின் அப்பா வேங்கடேசனின் அப்பா நிலத்தில் கூலி வேலை செய்தவர். அந்த மகன் இந்த மகனின் வண்டியை ஓட்டினார். எங்கள் தெருவில் அதை முன்னேற்றம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

இரண்டாவது பிறந்தநாளுக்கு, மீன் ஏற்றப் போன இடத்திலிருந்து ஒரு முழு ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். மார்ச் வெயிலில் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதன் மேல் கை வைத்துக் கத்தினார்கள். அமலா அதன் மேல் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, ஈரப் பாவாடையோடு தூங்கிப்போனாள். சவுரியம்மாள்கூட ஒரு சில்லை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். தண்ணீருக்குத் தவக்காலம் இல்லை என்றார். மூன்றாவது வருடம் ஹார்ன். மயிலம் வரைக்கும் அவளை மடியில் வைத்துக்கொண்டு போய், எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள் என்று விட்டுவிட்டார். வழியெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள் இரண்டு பேரும்.

நான்காவது வருடம் தர்பூசணி. வானூர்ப் பக்கம் ஒரு தர்பூசணிக் கொல்லையில் லோடு எடுக்கப் போகும்போது, எலுமிச்சை அளவில் இருந்த பிஞ்சு ஒன்றில் ஆணியால் லேசாக 'அமலா' என்று கீறிவிட்டு வந்திருக்கிறார். காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் பெருத்தது. பிறந்தநாளன்று கொண்டுவந்து வைத்தபோது பச்சைத் தோலில் தழும்பு தழும்பாகப் பெயர் படர்ந்திருந்தது. 'ம' ஒரு பக்கம் கோணி வயிறு தள்ளி நின்றது. தவக்காலத்தில் பழம் தின்னலாம். ஆனால் அமலா வெட்ட விடவில்லை. பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கினாள். கடைசியில் அது உள்ளுக்குள் அழுகி ஒருநாள் தானே வாய் பிளந்தது. அவள் அழுத அழுகையில் எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

"அழுவாத பாப்பா. அடுத்த வருஷம் கெட்டே போவாத எடத்துல உன் பேரு போடறேன்" என்றார் இருதயராஜ். குழந்தையை அடக்குவதற்குச் சொல்கிற பேச்சு என்று நினைத்தேன்.

அந்த வருடம் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதும் கண்ணில் படுவதையெல்லாம் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வண்டியில் ஏற வந்தவள் முன் கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்ததை வெளியிலிருந்தே கத்திப் படித்தாள். "க-லைப்-பி-ரி-யா. தி-ரு-மு-ரு-கன். யாருப்பா இவங்க?"

"ஓனரு புள்ளைங்க."

"அவங்க எப்பனா வந்து ஓட்டுவாங்களா?"

"அவங்க ஏன் ஓட்டப் போறாங்க?"

"அப்ப ஏன் அவங்க பேரு போட்டுக்கீது? நீதான ஓட்டற? என் பேரு எங்க?"

எங்கள் ஊரில் ஓடுகிற எந்த வண்டியைப் பார்த்தாலும் இது தெரியும். ஆட்டோ, லாரி, டிராக்டர், நெல் அறுக்கிற மிஷின், எல்லாவற்றிலும் பிள்ளைகள் பெயர் இருக்கும். யார் வண்டியோ அவர்கள் பிள்ளை. அதைக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? இருதயராஜ் வண்டியைக் கிளப்பினார்.

அப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. அவர் நடித்துக் காட்டியதைத்தான் எழுதுகிறேன். பல தடவை நடித்துக் காட்டினார், அதனால் மறக்கவில்லை.

வேங்கடேசன் அந்த மாதம் பெரியதாக ஒரு புது வண்டி எடுத்தார். பிள்ளைகள் பெயரை ஒட்டுவதற்காகக் குமரேசனின் ஸ்டிக்கர் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். எல்லோரும் நல்ல மனநிலையில் இருந்த நேரம் பார்த்து இருதயராஜ் கேட்டார்.

"ஓனரே, ஒண்ணு கேக்கட்டுமா?"

"அட்வான்ஸ் தவுத்து எது வேணா கேளு."

"பழைய வண்டில எம் பொண்ணு பேரு போட்டுக்கட்டுங்களா? பொறந்தநாளு வருது."

வேங்கடேசன் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாராம். பிறகு சிரித்துவிட்டார். "ஏன்டா, கேக்கு வாங்கிக் குடுத்தா ஆவாதா?"

"தவக்காலம் ஓனரே."

"அதுக்கு என் வண்டியாடா கெடைச்சுது?" மறுபடி சிரிப்பு. "சரி, போ. முன்னாடி வோணாம். பின்னாடி டோர்ல போட்டுக்கோ. எம் புள்ளைங்க பேர வுடப் பெரிசா வரக் கூடாது, ஆமா."

"ஒங்களுக்குப் பெரிய மனசுண்ணே" என்று குமரேசன் வேங்கடேசனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே மிஷினைத் தட்டினார். மஞ்சள் எழுத்து. பக்கத்தில் தும்பிக்கை தூக்கிய ஒரு யானைக்குட்டி, அது அவர் சும்மா கொடுத்தது.

பிறந்தநாள் காலையில் வண்டியின் பின்பக்கத்தைத் தார்ப்பாயால் மூடித் தெருவில் நிறுத்தியிருந்தார். அமலாவைத் தூக்கி வைத்துக்கொண்டு தார்ப்பாயை இழுத்தார். நீல வண்டியில் மஞ்சளாகத் தன் பெயரைப் பார்த்ததும் அவள் படிக்கவே இல்லை. விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தாள்.

"இன்னிலேர்ந்து இது உன் வண்டி" என்றார்.

"நெஜமா?"

"பேரு போட்டுக்கீதே, அப்புறம் இன்னா?"

"அப்ப ஓனரு?"

"ஓனரு சும்மா வெச்சிக்கினு கீறாரு. வண்டி உன்துதான்."

சவுரியம்மாள் வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "தவக்காலத்துல பொண்ண யானை மேல ஏத்திட்டியேடா!" என்றார். ஆனால் அவருக்கும் வாயெல்லாம் பல்.

குமரேசனுக்கு ஒரு வழக்கம் உண்டு. தன் கடையில் பெயர் ஒட்டிய எந்த வண்டியையும் படம் எடுத்து விளம்பரத்துக்காக ஃபேஸ்புக்கில் போடுவார். டிரைவரோ கிளீனரோ, எவர் படத்தில் நின்றாலும் அவரை உரிமையாளர் என்றுதான் எழுதுவார். அது ஒரு மரியாதை. அப்படித்தான் அதையும் போட்டார். 'வண்டி உரிமையாளர் நண்பர் இருதயராஜ் அவர்களின் மகள் அமலாவுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்.' இருதயராஜ் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாரு மலரு, பைசா செலவில்லாம ஓனராயிட்டேன்" என்றார். எத்தனை சிரித்தோம்.

அந்த வருடம் ஐப்பசி மழையில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்குப் போனவர், கூட்டேரிப்பட்டு தாண்டி, முன்னால் போன லாரி சட்டென்று நின்றதில் மோதினார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அவரைப் பற்றி இந்த இடத்தில் நிறைய எழுத நினைத்தேன். முடியவில்லை. கையில் அவருடைய ஒற்றைச் செருப்பைக் கொடுத்தார்கள், அதை மட்டும் சொல்கிறேன்.

அடக்கத்துக்கு வேங்கடேசன் வந்தார். பெரிய மாலை கொண்டுவந்தார். கல்லறைத் தோட்டத்தில் எல்லோர் எதிரிலும் அமலாவின் தலையில் கை வைத்து, "இந்தப் புள்ள படிப்பு என் பொறுப்பு" என்று சொல்லி அழுதார். அந்த அழுகை பொய் என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் வண்டியின் இன்சூரன்ஸ் புதுப்பிக்கப்படவில்லை என்று தெரியவந்தது. இன்சூரன்ஸ் இருந்திருந்தால் நஷ்டஈட்டைக் கம்பெனி கொடுத்துவிட்டுப் போயிருக்கும். இல்லாததால், வேலையில் செத்துப்போன டிரைவருக்கு முதலாளியே கொடுக்க வேண்டும். வேங்கடேசன் என் ஃபோனை எடுப்பதை நிறுத்தினார். நேரில் போனேன். அவர் மனைவி கிருஷ்ணவேணி உட்காரச் சொல்லி, காபி கொண்டுவந்தார். அவர்களுக்கு டம்ளரில், எனக்குப் பேப்பர் கப்பில்.

"யம்மா, அந்த வண்டிய நான் அவனுக்கு வித்துட்டனே. ஒங்கிட்ட சொல்லலியா?" என்றார் வேங்கடேசன்.

"வித்தீங்களா? எப்பங்க?"

"போன மார்ச்சு. வாய்ப்பேச்சுதான். ஓட்டி ஓட்டிக் கட்டிடறேன்னான். நம்ம பையனாச்சேன்னு வுட்டேன். ஆர்சி புக்குல பேரு மாத்தறதுக்குள்ள இப்பிடி ஆயிப்போச்சு."

"இல்லீங்க. அவரு ஒங்ககிட்ட சம்பளத்துக்குத்தான்..."

"பொண்ணு பேர எழுதினான்ல? ஊரே பாத்துதே. தன் வண்டி இல்லாமயா எழுதினான்?"

நான் கிருஷ்ணவேணியைப் பார்த்தேன். அவர் டீப்பாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றுமே சிந்தியிருக்கவில்லை.

விழுப்புரத்தில் பிரபாவதி என்று ஒரு வக்கீல். எங்கள் பங்குச் சாமியார் சொல்லி அனுப்பினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "மலர்விழி, கேஸு ஒரே ஒரு விஷயத்துலதான் நிக்குது. உங்க வீட்டுக்காரர் அந்த ஆளுகிட்ட கூலிக்கு வேலை பாத்தவர்னு நாம நிரூபிக்கணும். அவருக்குன்னு ஒரு வண்டியும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு நிரூபிக்கணும்."

ஒருவருக்கு ஒன்றுமே இல்லை என்று நிரூபிப்பது சுலபம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். சம்பளம் கையில் கொடுத்தது, எழுத்து கிடையாது. கூட ஓட்டிய டிரைவர்கள் எல்லோரும் வேங்கடேசனிடமோ அவர் சொந்தக்காரர்களிடமோ ஓட்டுகிறவர்கள். எனக்காகச் சாட்சி சொல்ல ஒருவர்கூட விழுப்புரம் பஸ் ஏறவில்லை. ஆர்சி புத்தகத்தில் வேங்கடேசன் பெயர்தான் இருந்தது. ஆனால் பெயர் மாற்றாமலே வண்டி கைமாறுவது எங்கள் பக்கம் தினமும் நடப்பது. கேஸை விசாரித்த தொழிலாளர் துறை அதிகாரிக்கும் அது தெரியும்.

வேங்கடேசன் தரப்பில் குமரேசனைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார்.

"படத்துக்குக் கீழ உரிமையாளர்னு எழுதினது நீங்கதானே?" என்று கேட்டார் பிரபாவதி. "உரிமையாளர்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மேடம், ஸ்டிக்கர் ஒட்ட வர்றவங்கிட்ட நான் ஆர்சி புக்கா கேக்க முடியும்? நான் இன்னா ஆர்டிஓவா?"

அறையில் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார்.

"அப்போ தெரியாமத்தான் எழுதினீங்க?"

"தெரியாம இன்னா மேடம்? தன் வண்டி இல்லாம எவனாவது தன் புள்ள பேர ஒட்டுவானா?"

"ஒட்டிக்கோன்னு வேங்கடேசன் உங்க கடையில வெச்சுத்தான் சொன்னார். நீங்க கேட்டீங்களா இல்லையா?"

குமரேசன் வேங்கடேசனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். "கடையில மிஷினு ஓடிக்கினே இருக்கும் மேடம். காதுல ஒண்ணும் வுழாது" என்றார்.

அடுத்து வேங்கடேசன். பிரபாவதி நேராகவே கேட்டார். வண்டி உங்களுடையது, டிரைவர் ஆசையாகக் கேட்டார், நீங்களும் பெருந்தன்மையோடு சரி என்றீர்கள், அவ்வளவுதானே?

வேங்கடேசன் கோபப்படவில்லை. பெரிய மனிதர்கள் கோபப்படாமல் பேசுகிற குரலில் அதிகாரியைப் பார்த்துச் சொன்னார். "சார், நீங்க வெளியூரு. எங்க பக்கம் ஒங்களுக்குத் தெரியாது. நான் அந்தப் பையன நல்லா வெச்சிக்கினேன், இல்லன்னு சொல்லல. ஆனா எங்க வண்டில அவங்க வூட்டுப் பேர எழுத நாங்க வுடுவோமா சார்? ஊர்ல யார வேணா கேளுங்க."

யாருக்கும் அது தவறாகப் படவில்லை என்பதைக் கவனித்தேன். அதிகாரி குனிந்து எழுதினார். என் பக்கத்திலிருந்த பிரபாவதியே ஒரு மூச்சு விட்டுவிட்டு, "இது நம்புற மாதிரிதான் இருக்குது மலர்விழி, அதான் பிரச்சினை" என்றார் என் காதருகே. ஸ்டிக்கர் கடையில் ஒரு நிமிடம் நல்ல மனிதராக இருந்தார் வேங்கடேசன். அந்த ஒரு நிமிடத்தை உலகத்தில் ஒருவரும் நம்பத் தயாராக இல்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது.

அன்றைக்குப் பள்ளி விடுமுறை, அமலாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் எதிர்த்தரப்பு வக்கீல் குனிந்து பேச்சுக் கொடுத்திருக்கிறார். நான் வெளியே வரும்போது கேட்டது இவ்வளவுதான்.

"அந்தக் குட்டியானை யாரோடது பாப்பா?"

"என்து."

"ஒன்தா? யாரு சொன்னா?"

"எங்கப்பா குடுத்தாரு. பர்த்டேக்கு. என் பேருகூடப் போட்டுக்கீது, வேணும்னா போய்ப் பாருங்க."

கண்ணெல்லாம் பெருமை. அப்பா செத்த பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்திருக்கவில்லை. வக்கீல் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். குழந்தையே சொல்கிறது என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டார். அதிகாரி நியாயமானவர்தான். அடுத்த வாய்தாவுக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், சாட்சியாக அல்ல, நானே சும்மா பேசிப் பார்க்கிறேன் என்றார்.

"என்ன பண்ணுவீங்களோ தெரியாது" என்றார் பிரபாவதி படியிறங்கும்போது. "பாப்பா உண்மையச் சொல்லணும். அவ்ளோதான்."

உண்மை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டியதும் ஆரம்பித்தேன்.

"பாப்பா, அந்த வண்டி நம்புளுது இல்லடா."

"என்து."

"ஒன்தும் இல்ல. அது ஓனரு வண்டி. அப்பா அதுல வேலை செஞ்சாரு. ஓனரு சம்பளம் குடுத்தாரு."

"அப்பா குடுத்தாரும்மா. நீயும் இருந்தியே."

"இருந்தேன். அப்பா அது... வெளாட்டுக்குச் சொன்னாரு."

கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ரொம்ப நேரம் வெளியே பார்த்தாள். கூட்டேரிப்பட்டு வந்தது. அந்த இடம் எது என்று அவளுக்கு நான் காட்டியதில்லை. அதைத் தாண்டிய பிறகு திரும்பினாள்.

"வெளாட்டுன்னா, பொய்யா?"

வீட்டு வாடகை, அவளுடைய பள்ளிக்கூடம், வக்கீல், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் நின்றது. பொய் வேறு, விளையாட்டு வேறு என்று விளக்கப் போனால் அங்கே போய் எதைச் சொல்வாளோ என்று பயமாக இருந்தது.

"ஆமா" என்றேன்.

அடுத்த வாய்தாவில் அதிகாரி அவளைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு சாக்லேட் கொடுத்தார். அவள் அதைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி கால்களைச் சேர்த்து நின்றாள்.

"அந்த வண்டி யாரோடதும்மா?"

"ஓனரு வண்டி. எங்கப்பா ஓட்டுவாரு. ஓனரு சம்பளம் குடுப்பாரு."

"அப்புறம் ஏம்மா அன்னிக்கு உன் வண்டின்னு சொன்னே?"

நான் சொல்லிக்கொடுத்தது அதோடு முடிந்திருந்தது. இந்தக் கேள்விக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"அப்பா பொய் சொல்லிட்டாரு. நான் நம்பிட்டேன்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பிரபாவதி என் கையை இறுக்கிப் பிடித்தார். ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம். வேங்கடேசன் ஃபோனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உத்தரவு எங்களுக்குச் சாதகமாகவே வந்தது. அதில் ஒரு வரி: 'மேற்படி இருதயராஜ் என்பவருக்கு மேற்படி வாகனத்தில் யாதொரு உரிமையும் இல்லை என்பதும், அவர் எதிர்மனுதாரரிடம் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஓட்டுநர் மட்டுமே என்பதும் தெளிவாகிறது.' உயிரோடு இருந்தவரை அவருடைய வேலையைப் பற்றி யாரும் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதிக் கொடுத்ததில்லை. செத்த பிறகு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். சவுரியம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். 'யாதொரு உரிமையும் இல்லை' என்ற இடத்தில், "போதும் நிறுத்து" என்று எழுந்து போய்விட்டார். வேங்கடேசன் தவணை கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறார். குறை சொல்வதற்கில்லை.

போன மாதம் அமலாவோடு மேம்பாலத்துக்குக் கீழே ரோடு கடக்க நின்றிருந்தேன். குட்டியானை ஒன்று வந்து சிக்னலில் நின்றது. முகப்பு புதிது, பின்பக்கம் பழையது. யாரோ ஒரு சின்ன வயசு டிரைவர். பின் கதவில் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். ஆனால் வெயிலில் வண்டி முழுக்க வெளுத்துப்போயிருக்க, எழுத்து இருந்த இடத்தில் மட்டும் நீலம் அப்படியே இருந்தது. அமலா. பக்கத்தில் ஒரு யானைக்குட்டி வடிவத்தில் கொஞ்சம் நீலம்.

அவள் பார்த்துவிட்டாள். நான் அவள் கையை இன்னும் கெட்டியாகப் பிடித்தேன். அவளுடைய உதடு எழுத்துக் கூட்டியது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, நான் எதுவுமே கேட்காமல், "அது ஓனரு வண்டிம்மா" என்றாள்.

சிக்னல் விழுந்தது. வண்டி போய்விட்டது.

இந்த மார்ச்சில் அவளுக்குப் பிறந்தநாள் வந்தது. தவக்காலம்தான். கடையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொண்டு போனேன். மரப்பிடி போட்டது, நல்ல கண்ணாடி. காகிதத்தில் சுற்றி அவள் கையில் கொடுத்து, "இது உனக்கு" என்றேன். அவள் பிரித்துப் பார்த்தாள். தொடவில்லை. பாய் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யாரோடது இது?"

"உன்துதான்டா. இன்னிக்குப் பொறந்தநாளு இல்ல?"

"பில்லு கீதா?"

ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும், அதட்டலாமா என்று நினைத்தேன். அதட்டவில்லை. கடைக்காரியின் மகள், பில்லைப் பற்றித் தெரிந்ததில் ஆச்சரியமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பவும் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் பில்லில் வாங்குகிறவர் பெயர் வராது. கையால் எழுதுகிற பில் புத்தகத்தில் ஒன்றைப் போட்டு, கடை முத்திரை குத்தி, பெயர் எழுதும் கோட்டைக் காலியாக விட்டு எடுத்துவந்தேன்.

அமலா பென்சிலை ஒதுக்கிவிட்டுப் பேனா கேட்டாள். பாயில் குப்புறப் படுத்து, அந்தக் கோட்டில் தன் பெயரை மெதுவாக எழுதினாள். முத்திரையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். மை ஒட்டவில்லை. பில்லை நான்காக மடித்துப் பள்ளிக்கூடப் பையின் உள்ஜிப்பில் வைத்து மூடினாள்.

அதற்குப் பிறகுதான் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தாள்.